பூனைக்கு உங்கள் ஷாம்பு வேண்டாம்

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பூனை வந்து காலை உரசிவிட்டுப் போகிறது. பேருந்தில் ஏறிய பிறகுதான் கவனிக்கிறீர்கள். கரும்பச்சைக் கால்சட்டையில் முடியோடு சேர்ந்து உப்பைத் தூவியதுபோல வெள்ளைத் துகள்கள். மாலையில் வீடு திரும்பிப் பூனையின் முதுகு முடியை விலக்கிப் பார்த்தால் அங்கே இன்னும் நிறைய. பொடுகு! குளியலறையில் அண்ணன் வாங்கி வைத்த பொடுகு ஷாம்பு இருக்கிறது. சமையலறையில் அம்மாவின் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. இரண்டில் ஒன்றைக் கையில் எடுக்காத மாணவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

தயவுசெய்து இரண்டையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பூனையிடம் பொடுகைக் கண்டால் முதல் வேலை பார்ப்பது. கழுவுவதைப் பிறகு யோசிக்கலாம், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். இது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

படிவம் 3 அறிவியல் பாடநூலில், தூண்டலும் துலங்கலும் பற்றிய அத்தியாயத்தில், தோலின் குறுக்குவெட்டுப் படம் இருக்கும். அதில் மேல்தோலைப் பாருங்கள். அதன் அடியில் உள்ள செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். புதியவை பழையவற்றை மேலே தள்ளும். மேலே போகப் போக அவை தட்டையாகி, கெரட்டின் நிறைந்து, இறந்து, கடைசியில் உதிரும். இது உங்கள் உடலிலும் பூனையின் உடலிலும் இந்த நொடியிலும் நடக்கிறது. ஒவ்வொரு செல்லாக உதிர்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. செல்கள் அவசரமாக உருவாகிக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தாலோ, உதிர்ந்தவை அகற்றப்படாமல் முடியிலேயே தங்கிவிட்டாலோதான் அவை வெள்ளைத் துகள்களாகத் தெரிகின்றன.

ஆகவே பொடுகு என்பது நாம் கண்ணால் காணும் ஒரு விளைவின் பெயர். காய்ச்சலைப் போல. காய்ச்சல் சளியாலும் வரும், டெங்கியாலும் வரும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றா?

மனிதத் தலையின் பொடுகில் பெரும்பாலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்குப் பங்கு உண்டு. தலையில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்கு உணவு. அது எண்ணெயைச் சிதைக்கும்போது உருவாகும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்த, தோல் வேகமாக உதிர்கிறது. கடைகளில் விற்கும் பொடுகு ஷாம்புகள் இந்தப் பூஞ்சையை அடக்கவோ, உதிரும் செல்களைக் கரைத்து அகற்றவோ செய்யப்பட்டவை. (தலையில் பொடுகு என்றதும் எண்ணெயைப் பூசி ஊற வைக்கும் நம் வீட்டு வழக்கம் அந்தப் பூஞ்சைக்கு விருந்து வைப்பதுபோல. அதை இன்னொரு வாரம் பேசுவோம்.) பூனையின் முதுகில் இருக்கும் துகளுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம்.

காரணம் வேறாக இருந்தால் மருந்து பலிக்காது, அவ்வளவுதானே, அதில் என்ன ஆபத்து என்று நீங்கள் கேட்கலாம்.

பலரும் பிஎச் அளவைக் காரணம் காட்டுவார்கள். நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, ஏறத்தாழ 5. பூனையின் தோல் அதைவிட நடுநிலைக்கு நெருக்கம், 6க்கும் 7க்கும் இடையே. நமக்காகச் செய்த ஷாம்பு அதன் மெல்லிய தோலுக்கு ஒத்துவராமல் வறட்சியை இன்னும் கூட்டலாம். உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை பூனையின் நாக்கு. பூனை விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ கால் பங்கைத் தன்னை நக்கிச் சுத்தப்படுத்துவதிலேயே கழிக்கிறது. அதன் முடியில் நீங்கள் எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குள் போகும். பூனைக்கு வெளிப்பூச்சு மருந்து என்று ஒன்று கிடையாது, எல்லாமே உள்மருந்துதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்குள் போனது கல்லீரலுக்குப் போகும். அங்கேதான் பூனை நம்மிடமிருந்து பெரிதும் வேறுபடுகிறது. மனிதக் கல்லீரல் பல வேதிப்பொருள்களோடு குளுகுரோனிக் அமிலத்தை இணைத்து, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். இந்த வேலைக்கான நொதிகளில் முக்கியமான ஒன்றை உருவாக்கும் மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது. வீட்டுப் பூனை மட்டுமல்ல, அதன் குடும்பத்து உறவினர்களான காட்டு விலங்குகளிலும் இதே நிலையை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இறைச்சியை மட்டுமே தின்று வாழ்ந்த குடும்பம் அது. செடிகொடிகளில் உள்ள நச்சுகளை முறிக்கும் தேவை இல்லாததால் அந்த மரபணு பழுதானபோதும் நட்டம் தெரியாமல் போயிருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். இன்றைய வீட்டில் அதன் நட்டம் தெரிகிறது. நாம் சர்வசாதாரணமாக விழுங்கும் பனடோல், அதாவது பாராசிட்டமால், ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும். ஈறுகள் பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும்.

சில பொடுகு ஷாம்புகளில் உள்ள சாலிசிலிக் அமிலமும் நிலக்கரித் தாரும் இதே வகைச் சிக்கலைத் தருபவை. 'இயற்கை' என்று எழுதி விற்கும் டீ ட்ரீ எண்ணெயும் அப்படித்தான். எலுமிச்சைத் தோலின் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. ஆகவே பாட்டி சொன்ன எலுமிச்சை வைத்தியத்தைப் பாட்டியின் தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது, நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின். நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்தச் சில துளிகள் பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தந்து உயிரையே பறிக்கக்கூடும். 'நாய்க்குப் போட்டதில் மிச்சம் இருந்தது' என்ற சிக்கனம் இங்கே வேண்டவே வேண்டாம்.

சரி, கழுவவில்லை. இணையத்தில் தேடுகிறீர்கள். அங்கே முதலில் கிடைக்கும் விளக்கம் எது தெரியுமா? குளிர்காலத்தில் காற்று வறண்டுபோவதால் பூனையின் தோல் காய்ந்து பொடுகு வருகிறது, அறைக்குள் காற்றை ஈரமாக்கும் கருவியை வையுங்கள் என்று இருக்கும். எழுதியவர் பனி பெய்யும் ஊர்க்காரர். அவருக்கு அது சரி. நாம் இருப்பது கெலாங் பாத்தா. ஒரு பக்கம் பூலாய் ஆற்றுச் சதுப்புநிலக் காடு, மறுபக்கம் ஜொகூர் நீரிணை. துவைத்த சீருடை மழைநாளில் மறுநாள் காலைவரை காய மறுக்கும் ஊரில் காற்றை ஈரமாக்கக் கருவி எதற்கு? இரவு முழுக்கக் குளிரூட்டி ஓடும் மூடிய அறையிலேயே வாழும் பூனைக்கு வேண்டுமானால் இந்தக் காரணம் ஓரளவு பொருந்தும். அஞ்சடியிலும் மதில்மேலும் திரியும் கம்போங் பூனைக்குப் பொருந்தாது.

அதே பக்கங்களில் 'நடக்கும் பொடுகு' என்ற ஒன்றைப் பற்றியும் படிப்பீர்கள். செய்லெட்டியெல்லா என்ற உண்ணி வகைச் சிற்றுயிர், அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேற்பரப்பில் வாழ்ந்து, உதிர்ந்த துகள்களுக்கு அடியில் நகர்வதால் பொடுகே நடப்பதுபோலத் தோன்றும். அது உண்மையான உயிரிதான். ஆனால் வெப்ப நாடுகளில் இருக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. அதன் பெயர் லின்ஸாகாரஸ் ராடோவ்ஸ்கி. 1974இல் ஹவாய்த் தீவுகளின் பூனைகளிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நம் தீபகற்ப மலேசியாவின் பூனைகளில் அது இருப்பதை 2012இல் இந்நாட்டு ஒட்டுண்ணியியல் ஆய்விதழான 'டிராபிக்கல் பயோமெடிசின்' வெளியிட்டது. இது தோலில் ஓடாது. ஒவ்வொரு முடியையும் பற்றிக்கொண்டு தொங்கும். பார்ப்பதற்கு முடியில் உப்பும் மிளகும் தூவியதுபோல இருக்கும். முடி மங்கி, லேசாக இழுத்தாலே கையோடு வரும். வீட்டார் இதைப் பொடுகு என்றோ தூசி என்றோதான் நினைப்பார்கள். பனிநாட்டுப் பூனையைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு இரண்டு வரி கிடைத்தாலே அதிசயம்.

இதனால்தான் பாருங்கள் என்கிறேன். உங்கள் பூனையைப் பற்றிய தகவல் உங்கள் பூனையிடம்தான் இருக்கிறது. குளிப்பாட்டிவிட்டால் அந்தத் தடயங்கள் வடிகாலோடு போய்விடும். பிறகு மருத்துவரிடம் கொண்டுபோனாலும் அவர் எதைப் பார்ப்பார்?

முதலில் எங்கே என்று பாருங்கள். உடல் முழுக்கவா, வாலுக்கு மேலே இடுப்புப் பகுதியில் மட்டுமா, காதிலா, முகத்திலா? பிறகு ஒரு கருப்புத் தாளை விரித்து, அதன்மேல் பூனையை நிறுத்தி, பற்கள் நெருக்கமான சீப்பால் மெதுவாக வாருங்கள். தாளில் விழுந்தவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் சில நிமிடங்கள் கவனியுங்கள். ஏதாவது நகர்ந்தால் அது பொடுகல்ல. கருப்புத் துகள்கள் விழுந்திருந்தால் அவற்றை நனைந்த வெள்ளைத் தாளில் வைத்து அழுத்துங்கள். சுற்றிலும் செம்பழுப்பு நிறம் படர்கிறதா? அது செரித்த இரத்தம், தெள்ளுப்பூச்சியின் கழிவு. அதனோடு கிடக்கும் வெள்ளை மணிகளில் சில அதன் முட்டைகளாகவும் இருக்கலாம். வாலடியில் முடியோடு ஒட்டிக்கொண்டு காய்ந்த அரிசிபோலக் கிடப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். அந்தப் புழுவைப் பூனைக்குக் கொண்டுவருவதும் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியே. சுத்தம் செய்துகொள்ளும்போது பூனை அதை விழுங்கிவிடுகிறது.

இன்னும் ஆர்வம் இருந்தால், செலோடேப்பைத் துகள்கள் உள்ள முடியில் ஒட்டி எடுத்து, கண்ணாடி வில்லையில் பதியுங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். கால்நடை மருத்துவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். முடியைப் பற்றிக்கொண்டு தொங்கும் அந்த ஹவாய்க்காரரை நேரில் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கலாம். எதைச் செய்தாலும் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பூனைக்குப் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எதுவும் நகரவில்லை, கருப்புத் துகள் இல்லை, பூனை சொறியவும் இல்லை, துகள்கள் இடுப்புக்கு மேலே மட்டும் இருக்கின்றன என்றால்? அப்போது பூனையைச் சற்று தள்ளி நின்று, மேலிருந்து பாருங்கள். இடுப்பு தெரிகிறதா, அல்லது நெத்திலிக் கருவாடும் பிஸ்கெட்டும் தின்று உருண்டையாகிவிட்டதா? பருத்த பூனையால் உடலை வளைத்து இடுப்பை நக்க முடியாது. மூட்டுவலி கண்ட வயதான பூனைக்கும் அதே கதி. பல்வலி இருந்தால் நக்குவதையே குறைத்துவிடும். உதிர்ந்தவற்றை அகற்ற ஆள் இல்லாததால் அந்த இடத்தில் மட்டும் பொடுகு சேர்கிறது.

நாக்கு என்று சாதாரணமாகச் சொல்கிறோம், அது உண்மையில் ஒரு சீப்பு. 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸிஸ் நோயலும் டேவிட் ஹூவும் வீட்டுப் பூனையிலிருந்து சிங்கம், புலி வரை ஆறு இனங்களின் நாக்குகளை ஆராய்ந்தார்கள். நாக்கின் முட்கள் உருண்டையான கூம்புகள் என்று அதுவரை கருதப்பட்டது. அவற்றின் நுனியில் குழிவு இருப்பதை இவர்கள் கண்டார்கள். அந்தக் குழிவு உமிழ்நீரைத் தானாக உறிஞ்சி எடுத்து முடியின் அடிவரை கொண்டுசேர்க்கிறது. பெரும்பாலான பூனைகளில் முள் தோல்வரை எட்டுகிறது. பெர்சியப் பூனையின் அடர்ந்த முடியில் மட்டும் எட்டுவதில்லை. நம் ஊரில் ஆசையாசையாக வாங்கி வளர்க்கும் பூனைகளில் பெர்சியன்தானே அதிகம்? நாக்கு எட்டாத இடத்துக்கு உங்கள் கைதான் போக வேண்டும். மென்மையான தூரிகையால் தினமும் ஐந்து நிமிடம் வாருங்கள். நான் பரிந்துரைக்கும் முதல் 'மருந்து' இது, விலையும் குறைவு.

உணவைப் பற்றி ஒன்று. மிச்சச் சோற்றில் பருப்போ தயிரோ பிசைந்து வைத்தால் கம்போங் பூனை பசிக்குத் தின்னும். ஆனால் தோலும் முடியும் புரதத்தால் ஆனவை. பூனைக்குத் தேவையான அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைத் தாவர எண்ணெயிலிருந்து போதிய அளவு உருவாக்கிக்கொள்ளவும் அதன் உடலால் முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். வீட்டார் சைவமாக இருக்கலாம், அது உங்கள் விருப்பம். பூனையை அதில் சேர்க்காதீர்கள். முழுச் சத்துணவு என்று குறிக்கப்பட்ட பூனை உணவு போதும். தண்ணீர்க் கிண்ணத்தை உணவுக்குப் பக்கத்திலேயே வைக்காமல் வேறு இரண்டு இடங்களிலும் வைத்துப் பாருங்கள்.

வட்ட வட்டமாக முடி கொட்டி, அந்த இடத்தில் செதில் படர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். மலாய் நண்பர்கள் குராப் என்பார்கள். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையால் வருவது. பூனையை மடியில் வைத்துக் கொஞ்சும் தங்கைக்கும் தம்பிக்கும் தொற்றும். அதன் வித்துகள் மெத்தையிலும் கம்பளத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். புற ஊதா விளக்கில் இந்தப் பூஞ்சை பச்சையாக ஒளிரும் என்று கேட்டுவிட்டுச் சிலர் பசார் மாலாமில் பணத்தாள் சோதிக்கும் டார்ச் வாங்கி வந்து பூனைமேல் அடிக்கிறார்கள். சாதாரணப் பொடுகும் தூசியும்கூட அந்த ஒளியில் நீல வெள்ளையாக மின்னும். பூஞ்சை இருந்தும் ஒளிராமல் போவதும் உண்டு. அந்த முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

மூக்கிலோ காதிலோ பாதத்திலோ ஆறாத புண் இருந்தால் மேலே சொன்ன சீப்பு, செலோடேப் சோதனைகள் எதுவும் வேண்டாம். வெறும் கையால் தொடவே வேண்டாம். நம் நாட்டுப் பூனைகளிடம் ஸ்போரோதிரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய் உண்டு. மலேசியாவில் இது பூனையிலிருந்து மனிதருக்குப் பரவும் முக்கிய நோயாக வளர்கிறது என்று 1990லேயே ஒரு கால்நடை மருத்துவ ஆய்விதழில் எச்சரிக்கை வந்துவிட்டது. நகக்கீறல் போதும், மனிதரின் கையில் கட்டிகள் வரிசையாக எழும்பும். பூனைக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் குணப்படுத்தக்கூடிய நோய்.

இந்தப் பத்தியைப் படித்ததும் சில வீடுகளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 'தோல் நோய்ப் பூனை வீட்டில் எதற்கு?' என்று அட்டைப்பெட்டியில் வைத்துச் சந்தைக்குப் பின்னாலோ உணவுக்கடைப் பக்கமோ விட்டுவிட்டு வருவார்கள். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். இரக்கத்துக்காக மட்டுமல்ல. தொற்றுள்ள பூனை இப்போது ஒரு வீட்டில் இருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் பத்துப் பூனைகளுக்கு நடுவில் இருக்கும். அவற்றில் ஒன்று நாளை உங்கள் காலையே வந்து உரசும். பராமரிக்க வேண்டியவரே விலங்கைத் துன்பத்தில் விடுவது சட்டப்படியும் சிறிய விஷயம் இல்லை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்கீழ், விலங்கைக் கொடுமைப்படுத்தும் குற்றத்துக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மருத்துவரிடம் போகப் பணம் வேண்டுமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. தனியார் மருத்துவமனைக்குக் கட்டணம் உண்டு, உங்கள் கையில் இருப்பதோ பள்ளிச் செலவுக்கான சில்லறை. பெற்றோரிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். ஒன்று மாற்றி ஒன்றாக வாங்கும் ஷாம்பு, பவுடர், எண்ணெய் எல்லாவற்றையும் கூட்டினால் ஒருமுறை பரிசோதித்துக் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் செலவை அது நெருங்கிவிடும். காரணம் தெரியாமல் வாங்கும் நான்காவது பாட்டிலும் வீண்தான். அரசின் கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்கு மாவட்ட அலுவலகங்கள் உண்டு. அங்கும் விசாரிக்கலாம்.

போகும்போது கருப்புத் தாளில் விழுந்ததை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எங்கே இருக்கிறது, சொறிகிறதா, வீட்டில் யாருக்காவது அரிப்பு உண்டா, என்ன தின்கிறது என்று நோட்டில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். எடையும் எழுதுங்கள். பூனை தராசில் தனியே நிற்காது. அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடலாம். யாராவது ஏற்கெனவே ஷாம்புவோ எண்ணெயோ நாய் மருந்தோ போட்டிருந்தால் அந்தப் பாட்டிலையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். திட்டு விழுமோ என்று பயப்பட வேண்டாம். பூனை எதை நக்கி விழுங்கியது என்பது அந்த லேபிளில்தான் எழுதியிருக்கும்.